சிக்கு வாடை

அந்தம்மா கையில் எதைக் கொடுத்தாலும் அது முதலில் மூக்குக்குத்தான் போகும். தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கழிச்சல் கண்ட ஆடு, கன்று போட்ட மாடு, வைக்கோல், மருந்து பாட்டில், எதுவானாலும் குனிந்து ஒரு மூச்சு இழுத்தால்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும். ஒரு முறை நான் கட்டியிருந்த புதுப்புடவையின் முந்தானையைப் பிடித்து மோந்துவிட்டு, "கஞ்சி கூடப் போகல, துவைக்காமயே கட்டிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். கேட்ட இடம் பஸ் நிறுத்தம். சுற்றி எங்கள் ஊர்க்காரர்கள்.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்த டாக்டர் அவர். இண்டூரைத் தாண்டி உள்ளே போகிற ஊர் எங்களுடையது. அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு, வாடகை வீட்டில் தனியாள். பெயர் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே டாக்டரம்மா, முதுகுக்குப் பின்னால் மோப்பக்காரம்மா. இரண்டும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

என் நாத்தனார் மகளுக்குத் தீர்த்தமலை அடிவாரத்தில் காது குத்தினோம். பழகிய பழக்கத்துக்கு அவரையும் கூப்பிட்டோம், வந்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த வடையை எடுத்து மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு அதை இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, பரிமாறியவரிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "பழைய எண்ணெயில சுட்டிருக்கீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு வெக்காதீங்க." மெதுவாகச் சொன்னது பந்தி முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவதற்குள் என் வீட்டுக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அன்றைக்கு வடை தின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

எனக்கென்னவோ அவர்மேல் கோபமே வராது. அவர் மூக்கால் நான் பிழைத்தவள்.

நாங்கள் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் தாய்க்கோழிகளுக்கு ஒரு கொட்டகை, முன்னறையில் முட்டையை அடைக்கு வைக்கிற மெஷின். இட்லியைப் போலவே இதையும் நாங்கள் ஈடு என்றுதான் சொல்வோம். மெஷினில் ஒரு தடவை வைக்கிற முட்டையெல்லாம் ஒரு ஈடு. பொரித்ததும் விற்றுவிட மாட்டோம். இறகு முளைத்துத் தானாக மேய்கிற வரைக்கும் வளர்த்துத்தான் கொடுப்போம்.

முதல் ஈடு பொரித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டைப்பெட்டி நிறைய மஞ்சளும் கறுப்புமாகக் குஞ்சுகள் கத்துகின்றன. டாக்டரம்மா வந்தார். ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கவிழ்த்து, அதன் தொப்புளில் மூக்கை வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தொப்புள் சரியாக மூடாத குஞ்சுக்கு வயிற்றுக்குள் சீழ் வைக்கும், அந்த நாற்றம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. எல்லாம் சுத்தமாக இருந்தன.

"தீனி வெச்சியா?" என்றார்.

"இல்லைங்க. வயித்துல மஞ்சக்கரு இருக்குமாமே. ரெண்டு நாளைக்கு ஒண்ணும் வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"மஞ்சக்கரு இருக்குது, நெசந்தான். அது தாய்க்கோழி கட்டிக் குடுத்து அனுப்புன கட்டுச்சோறு. முட்டைக்குள்ள இருந்த வரைக்கும் அதுல இருக்கற கொழுப்ப எரிச்சுத்தான் இது உடம்பு வளத்துச்சு. வெளிய வர்றதுக்கு முன்னாடி மிச்சம் மீதிய வயித்துக்குள்ள இழுத்துக்கிச்சு. அதுக்காக? நீ கட்டுச்சோறு கட்டிக்கிட்டு பஸ் ஏறுனா, வழியில ஒரு டீ கூடக் குடிக்க மாட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "குடல்ல புதுசா ஏதாச்சும் எறங்குனாத்தான் அந்தப் பழைய சோறும் ஒழுங்கா செரிக்கும். தண்ணி வை, குருணை வை, போ" என்று விரட்டினார். அன்றிலிருந்து குஞ்சின் உடம்பு காய்ந்ததும் தீனித்தட்டை வைத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் புதிது புதிதாக எதையாவது செய்து பார்க்கிற ஆள். கடலைப் புண்ணாக்கு சரியாகக் கிடைக்காத ஒரு சமயம், பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் எடுக்கிற இடத்திலிருந்து, நூல் எடுத்த பிறகு மிஞ்சுகிற புழுவை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் மல்பெரி போடுகிற வீடுகள் நிறைய, அதனால் அந்தப் புழு பஞ்சமில்லாமல் கிடைக்கும். அவ்வளவும் கொழுப்பும் சத்தும். மொட்டை மாடியில் காயவைத்து அரைத்துத் தீனியில் கலந்தால், கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். அந்தப் புழுவின் நாற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். முதலில் சாப்பாடு இறங்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது.

அதற்கும் டாக்டரம்மாவின் மூக்குதான் பரீட்சை. ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்வார். "இது புதுசு, போடு." "இது சிக்கு வாடை அடிக்குது, எருக்குழியில கொட்டு." பழைய எண்ணெய்ச் சட்டியில் வருமே, அந்த வாடை. வெந்த புழுவின் நாற்றத்துக்கு நடுவே அதை எப்படித்தான் பிரித்தெடுத்தாரோ. என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே கொட்டுவார்.

பிறகு கொரோனா வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த மாதிரி டாக்டரம்மாவுக்கும் வந்து போனது. மருந்தகத்தை மறுபடி திறந்ததும் முகக்கவசத்தோடு வந்தார். இளைத்திருந்தார், வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை. மருந்தகம் மூடியிருந்தபோதே என் வீட்டுக்காரர் பெரிய லோடாகப் புழு இறக்கிவைத்திருந்தார். மழைக்காலம் முழுக்க அது கொட்டகையில் கிடந்தது. டாக்டரம்மா கவசத்தைத் தாடைக்கு இறக்கி, ஒரு கை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், கொஞ்சம் நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் சொன்ன பிறகு நமக்கென்ன என்று தாய்க்கோழிக்கும் போட்டோம், குஞ்சுக்கும் போட்டோம்.

அடுத்த ஈட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பல முட்டைகளில் கரு வளராமல் ஒரு சிவப்பு வளையத்தோடு நின்றுபோயிருந்தது. தப்பிப் பொரித்த குஞ்சுகள் முதலில் நன்றாகத்தான் ஓடின. றெக்கை முளைக்கிற பருவத்தில் ஒன்றுக்குக் கழுத்து பின்னால் திருகிக்கொண்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து, மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மறுநாள் இன்னும் சில. தீனித்தட்டு பக்கத்திலேயே இருக்கும், குனிந்து கொத்த முடியாது. கையில் எடுத்து ஊட்டினால் இறங்காது. அதற்கடுத்த ஈடும் அப்படியே ஆனது.

கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கும் என்றார் ஒருவர். கண்பட்டது என்றார் என் மாமியார். என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருக்கும் கட்டட மேஸ்திரிக்குப் போன் போட்டார். துணிப்பையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"இன்னொரு ஈடு பாக்கலாம்" என்றார். "அதுவும் கழுத்து திருகுச்சுன்னா, பூட்டிட்டுக் கெளம்பிடலாம்."

கல்யாணமான புதிதில் நாங்கள் பெங்களூரில்தான் இருந்தோம். யாரோ கட்டுகிற வீட்டின் பக்கத்தில் தகரக் கொட்டகை. சிமெண்ட் மூட்டைக்கு நடுவில் படுக்கை, மூன்று செங்கல்லில் அடுப்பு. அந்த வீட்டை முடித்ததும் அடுத்த வீட்டுக்குத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போவோம். மறுபடி அங்கே போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. அந்தப் பையைப் பார்க்கக்கூடாது என்று சமையலறைக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம். வந்து, செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தார். கழிச்சல் நோயும் இல்லை, குடலில் ரத்தமும் இல்லை. புழு மூட்டையில் கைவிட்டு அள்ளி வழக்கம்போல மோந்தார். "தீனியில கொறை தெரியல" என்றார். ஆனால் முகம் சரியில்லை. மறுபடி ஒரு கை அள்ளினார். மறுபடி மோந்தார். கையை உதறிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்கே தெரியாத நோய் என்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று அன்றைக்கு முழுக்க நான் அழுதேன்.

மறுநாள் காலை முதல் டவுன் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தலைகூடச் சரியாக வாரவில்லை. நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். வந்தவர் என் எதிரில் நின்று, கவசத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"ஏம்மா, எனக்கு மூக்கு செத்துப்போச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"காய்ச்சல் வந்ததிலிருந்து ஒரு வாசனையும் தெரியல. வந்துடும் வந்துடும்னு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்குக் காலையில அடுப்புல பால் தீஞ்சு, பாத்திரம் கருகி, பக்கத்து வூட்டுக்காரங்க வந்து கதவத் தட்டுறாங்க. நான் அந்த அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "உன் புழுவ நான் மோந்து பாக்கல கண்ணு. மூக்குகிட்ட கொண்டுபோனேன், அவ்வளவுதான். பழக்க தோசம். நேத்து ரெண்டு தடவ அள்ளுனனே, அப்பவே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல."

ஒரு நிமிஷம் எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. செத்த குஞ்சுகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது, திட்ட மனசு வரவில்லை. மூக்கு போவது மற்றவர்களுக்குப் பெரிதில்லை. இவருக்கு மூக்கு போவதென்றால் அது வேறு.

"நீ மோந்து சொல்லு" என்றார்.

ஓடிப்போய் ஒரு முறம் நிறையப் புழு அள்ளிவந்தேன். மோந்தேன். புழு நாற்றம்தான் அடித்தது. சிக்கு வாடையா என்று கேட்டால் எனக்கு எங்கே தெரியும், ஆறு மாதமாக அந்த நாற்றத்திலேயே சமைத்து அதிலேயே படுத்துக் கிடப்பவள். என் வீட்டுக்காரரும் மோந்தார். "எப்பவும் போலத்தாங்க இருக்குது" என்றார். மாமியாருக்கு ஜலதோஷம். வீட்டில் இத்தனை மூக்கு இருந்தும் ஒன்றும் உதவவில்லை.

டாக்டரம்மா முறத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கிரேட் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. நடு ரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி, செத்த இறங்கி இத மோந்து பாருங்க."

டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். முறத்தைப் பார்த்தார். புழு. "என்னாங்கம்மா இது?" என்றார்.

"என்னான்னு அப்புறம் சொல்றேன். மோந்து, என்ன மாதிரி அடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

நல்ல மனுஷன், இறங்கினார். மோந்ததும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார். "நாத்தங்க" என்றார்.

"என்ன நாத்தம்?"

"மீன் மாதிரி..." யோசித்தார். மூக்கைத் துடைத்துவிட்டு, எங்களுக்காக இன்னொரு தடவை குனிந்தார். "உள்ளுக்குள்ள பெயிண்ட்டு அடிக்குதுங்க. புதுசா கதவுக்குப் பெயிண்ட்டு அடிச்ச வூட்டுல பூந்த மாதிரி."

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது நூறுநாள் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்களையும் விடவில்லை. "பழைய எண்ணெய்ச் சட்டிங்க" என்றாள் ஒருத்தி உடனே. "சிக்கு வாடை. தீவாளி முடிஞ்சு மறந்து வெச்ச சட்டி இப்பிடித்தான் அடிக்கும்."

டிராக்டர் போனது. அந்தப் பெண்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். டாக்டரம்மா முறத்தை ரோட்டோரமாக வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"கொழுப்பு கெட்டுடுச்சு" என்றார். "கெட்ட கொழுப்பு தனியா கெட்டுப்போவாது. உடம்புல இருக்கற வைட்டமின் ஈ சத்தையும் சேத்து அழிச்சிடும். தாய்க்கோழிக்கு நாம போட்டது, அது முட்டைக்குப் போச்சு. அம்மா கட்டிக் குடுத்த சோறே ஊசிப்போன சோறு. அதுலயும் தப்பிச்சு வெளிய வந்ததுக்கு மறுபடி அதே புழு. மூளை எப்படித் தாங்கும்? அதான் கழுத்து திருகுது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நோய் இல்லம்மா. கண்ணும் படல, ஒண்ணும் படல. சரி பண்ணிடலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நானும் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாள் எதனால் சாகிறது என்று தெரியாததுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, அதுவும் தூக்கிக் கொட்டிவிடக்கூடிய காரணம்.

என் வீட்டுக்காரர் புழு மூட்டையெல்லாம் எருக்குழியில் கொட்டி மண் தள்ளினார். இந்தத் தடவை முனகவில்லை. டாக்டரம்மா ஈ சத்து மருந்து கொண்டுவந்து தண்ணீரில் கலக்கச் சொன்னார். கழுத்து திருகின குஞ்சுகளில் சில நிமிர்ந்தன, பல போய்விட்டன. தாய்க்கோழிகளுக்குக் கம்பும் மக்காச்சோளமும் புதுப் புண்ணாக்குமாகத் தீனியை மாற்றினோம். "உடனே முட்டை வெக்காத, பழைய கொழுப்பு மஞ்சக்கருவுல இருந்து போவட்டும்" என்று சில வாரம் காக்கவைத்துவிட்டார். அந்த வாரங்களில் இட்ட முட்டையெல்லாம் எங்கள் வீட்டுச் சோற்றில்கூடச் சேரவில்லை, குழிக்குத்தான் போனது. அப்புறம்தான் கடைசி ஈடு என்று சொல்லியிருந்த ஈட்டை மெஷினில் வைத்தேன்.

அவர் அதற்கப்புறமும் கையில் கிடைப்பதை மூக்குக்குக் கொண்டுபோவார். பாதியில் நினைவு வந்து கையை இறக்கிவிடுவார். பார்க்கச் சங்கடமாக இருக்கும். டீ கொடுத்தால், "பால் நல்லா இருக்குதா, நீ குடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுக் குடிப்பார். என் மாமியார்கூட, "பாவம், பேசாம மோந்து பாத்துட்டுத் திட்டட்டும், இப்பிடி உக்காந்திருக்க வேண்டாம்" என்றார்.

ஈடு பொரித்தது. சிவப்பு வளையம் ஒன்றிரண்டு முட்டையில்தான். குஞ்சுகளின் தொப்புளை நானே மோந்து பார்த்துச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் எங்களுக்குப் பயம் அதில் இல்லை. றெக்கை முளைக்கிற பருவம் வரவேண்டும், அதைத் தாண்டவேண்டும். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் தட்டைத் தட்டுவேன். எத்தனை கழுத்து குனிகிறது, எது குனியாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு குஞ்சு சும்மா வானத்தைப் பார்த்தால்கூட ஓடிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அது பாட்டுக்குக் காக்காயைப் பார்த்துவிட்டுக் குனியும். ஆணியில் பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம், "திங்கக்கிழமை சொல்றேன்" என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். நாங்கள் மூன்று பேரும் குஞ்சுக் கொட்டகைக்குப் போனோம். நான் தட்டைத் தட்டினேன். இறகு பாதி முளைத்து அசிங்கமாக இருந்த அத்தனை குஞ்சும் ஓடிவந்து, கழுத்தை நீட்டி, குனிந்து கொத்தின. ஒன்றுகூடத் திருகவில்லை. நான் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தேன். மறுபடி பார்த்தேன். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. தலையைத் தூக்கி, மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நான் கிட்டே போனேன். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏம்மா, இங்க கோழிப்பீ நாத்தம் அடிக்குதா?"

"அடிக்குதுங்க. ரெண்டு நாளா கூட்டல."

"அடிக்குது" என்றார். "எனக்கும் அடிக்குது. நல்லா அடிக்குது." சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முந்தானையை மோந்து பார்த்தார். கோழிப்பீ நாற்றத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், ரசத்தை மோந்து பார்த்துப் பெருங்காயம் போதாது என்று சொல்லிவிட்டு. இப்போது எந்த ஊரில் யார் வீட்டுப் பந்தியைக் கலைத்துக்கொண்டிருக்கிறாரோ.

அன்றைக்குக் கொட்டகையில் என் வீட்டுக்காரருக்குத்தான் வெட்கமாகிவிட்டது. டாக்டர் ஒருத்தர் வந்து நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டாரே. தூணிலிருந்து கையை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"மன்னிச்சுக்குங்கம்மா. நாளைக்குக் காலையில மொத வேலையா கூட்டி அள்ளிடறேங்க."

நாளைக்குத் திங்கட்கிழமை, மேஸ்திரிக்குப் பதில் சொல்லவேண்டிய நாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே விளக்குமாற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.